குன்றும் மலையும்: ஓர் ஆங்கிலச் சொல்லிணையும் சேர்வராயன் அடிவாரமும்

முன்னுரை

‘ஹில்’ என்றால் குன்று, ‘மவுண்டன்’ என்றால் மலை என்பது பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடும் பாடம். சிறியது குன்று, பெரியது மலை என்னும் விளக்கமும் அதனோடு சேர்ந்து வருகிறது. தேர்வுத்தாளில் இவ்விடை மதிப்பெண் பெறும். ஆயினும் சேலம் நகரின் வடக்கே எழுந்து நிற்கும் மலைத்தொடருக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் விடை பொய்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அத்தொடரின் பெயர் ‘ஷெவராய் ஹில்ஸ்’. தமிழில் அது சேர்வராயன் மலை. ‘சேர்வராயன் குன்றுகள்’ என எவரும் எழுதுவதில்லை. எழுதினால் அடிவாரத்தில் வாழ்வோர் அது எந்த இடம் என்று கேட்பர்.

அகராதி தவறா, வழக்குத் தவறா என்பது இங்குள்ள வினா அன்று. இரு மொழிகளும் நிலத்தின் உயர்ச்சியை வெவ்வேறு அடிப்படையில் பகுத்துள்ளன. ஆங்கிலச் சொல்லிணையின் பகுப்பைத் தமிழ்ச் சொற்களின் மேல் ஏற்றுவது மொழிபெயர்ப்புப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. சட்டம், திட்டம், பாடநூல் ஆகியவற்றின் வழியே அது நிலத்தையும் மக்களையும் தொடுகிறது. ஆகவே இவ்விணையைச் சேர்வராயன் அடிவாரத்திலிருந்து மீண்டும் எண்ணிப் பார்ப்பது தேவையாகிறது.

ஆங்கிலத்தில் இவ்விணை

‘ஹில்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் செர்மானிய வேர்ச்சொல். ‘மவுண்டன்’ இலத்தீன மூலத்திலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த கடன்சொல். ஊர்ச்சொல் அருகில் உள்ளதையும் ஏறிக் கடக்கத்தக்கதையும் சுட்ட, வந்த சொல் பெரியதையும் அரியதையும் சுட்டலாயிற்று. இவ்வேறுபாடு வழக்கில் உருவானது. எவரும் அளந்து வகுத்ததன்று.

பின்னர் அளந்து வகுக்கும் முயற்சிகள் நடந்தன. பிரித்தானியாவில் 2000 அடி என்னும் எல்லை நெடுங்காலம் வழங்கியது. வேல்சு நாட்டில் ‘மினித் கிரைக் கோக்’ என்னும் உயர்நிலம் 2000 அடிக்குச் சற்றுக் குறைவு எனக் கருதப்பட்டு வந்தது. 2008 இல் அதனை மீண்டும் அளந்தபோது 2000 அடியைச் சில அங்குலங்கள் கடந்திருப்பது தெரிந்தது; அன்று முதல் அது ‘மவுண்டன்’ ஆயிற்று. நிலம் வளரவில்லை, அளவு மாறியது, சொல்லும் மாறியது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2000 ஆம் ஆண்டின் ஊர்ப்புற நடைவழி உரிமைச் சட்டமோ, கடல்மட்டத்திற்கு மேல் 600 மீட்டரைக் கடந்த நிலத்தை ‘மவுண்டன்’ என்னும் சொல்லுள் அடக்குகிறது. அமெரிக்காவில் சுற்றுநிலத்திலிருந்து 1000 அடி என்னும் அளவுகோல் ஒருகாலத்தில் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. இவ்விரு சொற்களுக்கும் அதிகாரப்பூர்வமான வரையறை இல்லை என்பதே அந்நாட்டு நிலவியல் அளவைத் துறையின் நிலைப்பாடு.

ஆக, ஆங்கிலத்திலேயே எல்லை உறுதியாக இல்லை. ஓரிடத்தில் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். மற்றோரிடத்தில் சுற்றியுள்ள நிலத்திலிருந்து அளக்கிறார்கள். மூலமொழியில் உறுதிப்படாத எல்லையை மொழிபெயர்ப்பில் மட்டும் உறுதியானதாகக் காட்டுவது பொருந்தாது.

ஏற்காடும் பென் நெவிசும்

பிரித்தானியாவின் மிக உயர்ந்த சிகரம் பென் நெவிசு. அதன் உயரம் 1345 மீட்டர். அது ஐயமின்றி ‘மவுண்டன்’. ஏற்காடு நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது, ஏற்காட்டில் நிற்பவர் பிரித்தானியாவின் எந்த ‘மவுண்டனின்’ உச்சியில் நிற்பவரைக் காட்டிலும் உயரத்தில் நிற்கிறார். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருப்பதால் சுற்றுநிலத்திலிருந்து அளந்தாலும் சேர்வராயன் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகிறது. எந்த ஆங்கில அளவுகோலின்படியும் அது ‘மவுண்டன்’ ஆதல் வேண்டும். எனினும் அங்கிருந்து வந்த ஆட்சியாளர் இதனை ‘ஹில்ஸ்’ என்றே பதிந்தனர்.

இதற்குக் காரணம் இந்திய ஆங்கிலத்தில் அச்சொல் பெற்ற புதிய பொருள். குடியேற்ற ஆட்சியாளரின் பேச்சில் ‘ஹில்ஸ்’ என்பது ‘பிளெயின்ஸ்’ எனப்பட்ட சமவெளிக்கு எதிர்ச்சொல். வெப்பத்தினின்று விலகிக் கோடையைக் கழிக்கும் இடம், காப்பித் தோட்டம் போடத்தக்க இடம், தனி ஆட்சிமுறைக்குரிய மக்கள் வாழும் இடம் என்பன அதன் உட்பொருள்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயனில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது மாவட்ட வரலாறு. அத்தகையோரின் கண்ணுக்கு இம்மலை தங்குவதற்கும் பயிரிடுவதற்கும் உரிய இடமாகவே தெரிந்தது. ‘ஹில் ஸ்டேஷன்’ என்னும் தொடரில் ‘ஹில்’ உயரத்தைக் குறிக்கவில்லை, பயன்பாட்டைக் குறித்தது.

நீலகிரியை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைக் கொண்ட நிலப்பகுதி ‘நீலகிரி ஹில்ஸ்’. அதில் ஏறும் தொடர்வண்டி ‘நீலகிரி மவுண்டன் ரயில்வே’. 2005 இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோதும் அதன் பெயரில் ‘மவுண்டன்’ என்பதே இருந்தது. தங்கும் இடமாகக் கருதும்போது ‘ஹில்ஸ்’, பொறியாளன் வென்று ஏறவேண்டிய இடராகக் கருதும்போது ‘மவுண்டன்’ என ஒரே நிலம் இரு பெயர் பெற்றது. தமிழில் இரண்டும் மலையே: நீலகிரி மலை, மலை ரயில்.

மறுமுனையில் நிற்பது சென்னைப் பரங்கிமலை. அதன் உயரம் ஏறத்தாழ 300 அடி மட்டுமே. ஆயினும் சமயச் சிறப்பினால் அது ‘மவுண்ட்’ ஆயிற்று. அதனை நோக்கிச் சென்ற சாலையும் ‘மவுண்ட் ரோடு’ ஆயிற்று. பரங்கிமலையும் சேர்வராயனும் சார்னோக்கைட்டு என்னும் ஒரே வகைப் பாறையால் ஆனவை. பாறை ஒன்றே, 300 அடி எழுந்தது ‘மவுண்ட்’, 5000 அடியைக் கடந்தது ‘ஹில்ஸ்’. ஆங்கிலச் சொல்லிணையின் வேறுபாடு உயரத்தைப் பொறுத்தது என்னும் பாடநூல் விளக்கத்திற்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

தமிழ்ச் சொற்களின் பகுப்பு

உயரத்தில் குன்றியது குன்று என்னும் விளக்கம் கேட்பதற்கு இனியது. சங்க இலக்கிய வழக்கு அதற்குத் துணைநிற்கவில்லை. குறிஞ்சித் திணைத் தலைவன் வெற்பன், சிலம்பன், பொருப்பன், மலைநாடன், குன்றநாடன் எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறான். குன்றநாடன் என்பவன் மலைநாடனைக் காட்டிலும் தாழ்ந்த நிலத்திற்கு உரியவன் என எந்த உரையாசிரியரும் கொள்ளவில்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் ஒரு பத்தின் பெயர் ‘குன்றக் குறவன் பத்து’. திருமுருகாற்றுப்படையின் ஒரு பகுதி ‘குன்றுதோறாடல்’. சிலப்பதிகாரத்தின் ஒரு காதை ‘குன்றக் குரவை’. இங்கெல்லாம் குன்று என்பது சிறுமையைச் சுட்டவில்லை. குறிஞ்சி நிலத்தையே சுட்டுகிறது. தொல்காப்பியமோ அந்நிலத்தைக் குறிக்க ‘வரை’ என்னும் சொல்லைத் தேர்கிறது.

புலவர்கள் எதுகை மோனைக்காகச் சொல்லை மாற்றி மாற்றி வழங்கினர் எனலாம். அது உண்மையே. ஆனால் அவ்வாறு மாற்றி வழங்க இயன்றது அச்சொற்கள் உயரத்தின் அடிப்படையில் பிரிந்து நில்லாமையால்தான். அவை பிரிந்து நின்றது வேறோர் அடிப்படையில். வரை என்பதில் எல்லை என்னும் பொருள் உண்டு. அடுக்கம் என்பதில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தோற்றம் உண்டு. சிலம்பு என்பதில் எதிரொலிக்கும் இயல்பு உண்டு. கோடு என்பதில் வளைந்த முனை உண்டு. சாரல் என்பதில் சரிவும் அச்சரிவில் விழும் மழையும் உண்டு. இச்சொற்களைப் படைத்தவர்கள் மலையை அடியிலிருந்து உச்சிவரை அளந்தவர்கள் அல்லர். அதன் தோற்றத்தையும் ஓசையையும் மழையையும் அறிந்து வாழ்ந்தவர்கள்.

இம்மரபு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. சேலம் வட்டாரத்தில் இன்றும் வழங்கும் ‘கரடு’ என்னும் சொல் அதற்குச் சான்று. அகராதிகள் கரடு என்பதற்குக் கரடுமுரடான தன்மை எனவும், மரமற்ற பாறைகள் நிறைந்த சிறுகுன்று எனவும் பொருள் தருகின்றன. ஆனால் சேர்வராயன் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமாகக் குறிக்கப்படுவதன் பெயர் சோலைக்கரடு. அதன் உயரம் ஏறத்தாழ 1620 மீட்டர். கரடு என்பது சிறுகுன்று எனில், ஒரு மலைத்தொடரின் உச்சி எவ்வாறு சிறுகுன்று ஆகும்? கரடு உயரத்தைக் குறிக்கும் சொல் அன்று, நிலத்தின் சொரசொரப்பைக் குறிக்கும் சொல் எனக் கொண்டால் முரண் நீங்கும். பாறை மண்டிய கரட்டில் சோலை இருப்பது சொல்லத்தக்க செய்தி. அதனால்தான் ‘சோலை’ என்னும் அடைமொழி தேவைப்பட்டது எனவும் கருத இடமுண்டு. மறுபுறம், சேலத்தைச் சூழ்ந்த நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை போன்றவை சேர்வராயனுக்கு முன் மிகச் சிறியவை. அவற்றின் பெயரில் உள்ளதும் மலையே. சிகரம் கரடாகவும், சிறியது மலையாகவும் இருக்கும் வட்டாரத்தில் குன்று–மலை என்னும் இருபடி ஏணிக்கு இடமில்லை.

மலைமேல் வாழ்வோரின் பகுப்பு இன்னும் வேறானது. சேர்வராயன் மலைவாழ் மக்களின் மரபுவழி நிலப்பிரிவுகள் ‘நாடு’ என்றே பெயர் பெற்றவை. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்பன அவை. கீழிருந்து காண்போருக்கு அது மலை. அதன்மேல் பிறந்து வாழ்வோருக்கு அது நாடு. ‘ஹில்’, ‘மவுண்டன்’ ஆகிய இரண்டும் கீழிருந்து நோக்கும் பார்வையிலேயே அமைந்தவை.

அடிவாரம் என்னும் சொல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதை தொடங்கும் இடத்தின் பெயர் அடிவாரம். பொதுச்சொல்லே ஊர்ப்பெயராகிவிட்டது. பழனியிலும் அவ்வாறே. வாரம் என்பது சரிந்து இறங்கும் பகுதி; வீட்டின் தாழ்வாரத்திலும் இதே சொல் உள்ளது. ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் சேர்வராயனுக்கும், படியேறிக் கடக்கும் பழனிக்கும் அடிவாரம் என்னும் சொல் ஒன்றுபோலப் பொருந்துகிறது. ஏனெனில் அது மலையின் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை; சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது.

மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு ஒரு தீங்கு நேர்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபுட்ஹில்ஸ்’ என்பது பெருமலைத் தொடரின் முன்னே நிற்கும் சிறுமலை வரிசை. இமயத்தின் முன் நிற்கும் சிவாலிக் தொடர் அத்தகையது. அது தானே நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம் எழுவது. செய்தி மொழிபெயர்ப்புகளில் இது ‘இமயமலை அடிவாரம்’ ஆகிறது. படிக்கும் தமிழர் மனத்தில் மலையேறுமுன் நிற்கும் சமதளம் தோன்றுகிறது. மூலத்தில் இருப்பதோ நிலச்சரிவுக்கு உள்ளாகும் மலைச்சரிவு. பேரிடர்ச் செய்தியில் இவ்வேறுபாடு சிறியதன்று. மலையடிக் குன்றுகள் அல்லது முன்மலைகள் என எழுதினால் மயக்கம் நீங்கும்.

அடிவாரத்தின் அருகிலேயே ஆங்கிலப் பெயரீட்டின் மற்றொரு வழு உள்ளது. சேர்வராயன் அடியில் வெண்ணிறக் கனிமம் நரம்புகளாக ஓடும் மேட்டுநிலத்தை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்றனர். அங்குச் சுண்ணக்கட்டி இல்லை, இருப்பது மாக்னசைட்டு. தாழ்ந்த மேடுகளாகிய அதுவும் ‘ஹில்ஸ்’; அதன் பின்னே ஓங்கி நிற்கும் சேர்வராயனும் ‘ஹில்ஸ்’. உள்ளூர் மக்களின் ‘வெள்ளைக்கல்’ என்னும் சொல் நிறத்தையும் பொருளையும் மட்டும் கூறிப் பிழையின்றி நிற்கிறது.

சொல்லும் சட்டமும்

மலை எது என்னும் வினா ஆட்சியில் பொருள் விளைவிக்கிறது. 1955 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டத்திற்கு அரசின் அறிவிக்கையில் இடம்பெறும் நிலமே மலைப்பகுதி. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நடுவண் அரசு தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் நீலகிரியை ஏற்றது. அதனை ஒட்டிய மற்றொரு திட்டம் மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களை ஏற்றது. கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த சேர்வராயன் இரண்டிற்கும் வெளியே நின்றது. அகராதிக்கும் ஏற்காட்டு மக்களுக்கும் மலையாக இருப்பது அத்திட்ட ஆவணங்களில் மலையாக இருக்கவில்லை.

மலையின் பெயரையே தம் பெயராகக் கொண்ட மலையாளி மக்களின் நிலையும் நோக்கத்தக்கது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களின் பெயர் தருமபுரி, சேலம் முதலிய சில பழைய மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே எழுதப்பட்டது. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயருடைய மக்கள் அப்பட்டியலுக்கு வெளியே நின்று நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்து வருகின்றனர். மலையைக் கொண்டு பெயர் பெற்றவர்களின் உரிமையை மாவட்ட எல்லை முடிவு செய்தது.

2025 நவம்பரில் ஆரவல்லித் தொடர் பற்றிய வழக்கில், சுற்றுநிலத்திலிருந்து 100 மீட்டரோ அதற்கு மேலோ எழும் நிலமே ஆரவல்லி ‘ஹில்’ என்னும் வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அளவுக்குக் குறைந்த மேடுகள் சுரங்கத்திற்குத் திறந்துவிடப்படும் என்னும் அச்சம் எழுந்தது. டிசம்பர் இறுதியில் நீதிமன்றமே அவ்வாணையை நிறுத்திவைத்தது. இது வடபுலத்துச் செய்தி எனத் தள்ளிவிட இயலாது. சேர்வராயனின் மேற்பரப்பிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட்டு வெட்டி எடுக்கப்பட்டது. அடிவாரத்தில் மாக்னசைட்டு வெட்டப்பட்டது. சேலம் வட்டாரத்துச் சிறு கரடுகள் பல, வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்னும் தலைப்பின்கீழ் நிற்பவை. ‘ஹில்’ என்பதற்கு ஓர் அளவு விதித்து, அதனைக் குன்று என மொழிபெயர்த்து, அவ்வளவுக்குக் குறைந்தது குன்றும் அன்று என முடித்துவிட்டால் கரட்டுக்கு எந்தச் சொல்லும் காப்பாக நிற்காது. ஆடு மேய்வதும், மழைநீர் வடிந்து ஏரிக்குச் சேர்வதும், ஊர்த்தெய்வம் குடியிருப்பதும் அக்கரடுகளில்தான்.

எதிர்வாதமும் பரிந்துரையும்

அறிவியலுக்குத் திட்டவட்டமான கலைச்சொல் வேண்டும். இலக்கிய வழக்கைக் கொண்டு நிலவியல் கற்பிக்க இயலாது என்பது நியாயமான வாதம். இரு நிலவடிவங்களை வேறுபடுத்த இரு சொற்கள் தேவை. குன்று, மலை என்பவற்றை அதற்கு ஏற்பதில் தடையில்லை. ஆனால் அது பாடத்தின் வசதிக்கான உடன்பாடு, மொழியின் இயல்பன்று என்பதைப் பாடநூல் கூறுதல் வேண்டும். எந்த மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதைக் கூறாமல் உயரத்தை மட்டும் எழுதுவது அறிவியலும் ஆகாது.

இவ்வகையில் மூன்று பணிகள் உடனடித் தேவை உடையவை. முதலாவது, ஆட்சித்தமிழில் ‘ஹில்’ என்பது நிருவாகப் பரப்பைக் குறிக்குமிடத்து ‘மலைப்பகுதி’ என்றும், தனி நிலவடிவைக் குறிக்குமிடத்து அவ்வூர் வழக்கில் உள்ள சொல்லாலும் எழுதுதல். இரண்டாவது, பள்ளி நிலவியல் நூலில் மாணவர் தம் ஊரின் மலை, கரடு, பாறை, மேடு ஆகியவற்றின் பெயர்களைத் தொகுக்கும் பயிற்சியைச் சேர்த்தல். மூன்றாவது, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது ஆகிய மலைகளின் நிலவழக்குச் சொற்களை அங்கு வாழும் மக்களிடமிருந்தே தொகுத்து வட்டார அகராதியாக்குதல். இம்மூன்றாவது பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. சங்கச் சொற்களுக்கு உரை எழுதும் துறைகள் இன்றைய மலைச்சொற்களுக்கு அகராதி இல்லாதிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாகாது. தோட்ட வேலையும் நகரப் பேருந்தும் பேச்சை மாற்றிவரும் காலத்தில் இப்பணியைத் தள்ளிவைப்பது இழப்பாகவே முடியும்.

நிறைவுரை

‘ஹில்’, ‘மவுண்டன்’ ஆகியவற்றின் வேறுபாடு ஆங்கிலத்திலேயே அளவால் உறுதிப்படவில்லை; நோக்குபவர் யார், எதற்காக நோக்குகிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இந்தியாவில் அது மேலும் மாறி, சமவெளிக்கு எதிரான நிலம் என்னும் பொருளை ஏற்றது. தமிழோ மலை, குன்று, வரை, கரடு முதலிய சொற்களை உயர ஏணியில் அடுக்காமல் நிலத்தின் இயல்புக்கு ஏற்ப வழங்கியது. இவ்விரு முறைகளையும் ஒன்றெனக் காட்டும் அகராதிச் சமன்பாடு மாணவருக்குத் தவறான மொழியறிவைத் தருகிறது. ஆவணத்தில் ஏறும்போது நிலத்தின் காப்பையும் குறைக்கிறது. சோலைக்கரட்டைக் கரடு என்றே அழைத்து வந்தவர்கள் அதன் உயரத்தை அறியாதவர்கள் அல்லர். உயரத்தைத் தவிர வேறு பலவற்றையும் அறிந்திருந்தனர் என்பதைக் கலைச்சொல் ஆக்குவோரும் சட்டம் மொழிபெயர்ப்போரும் கருத்தில் கொள்வது நன்று.